வீரரின் ஆண்டை மீட்டவர்: பார்க் ஜூ-போங்கும் ஜப்பானிய இறகுப்பந்தும்

இறகுப்பந்தில் ஜப்பான் இன்று நிற்கும் உயரத்தை 2004-இல் அந்நாட்டு ரசிகர்களே நம்பியிருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஜப்பானிய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் தொடக்கச் சுற்றிலேயே வெளியேறினார்கள். 1992-இல் பார்சிலோனாவில் இறகுப்பந்து முறையான ஒலிம்பிக் ஆட்டமான நாள் முதல் அதுவரை ஜப்பானுக்கு ஒரு வெண்கலம்கூடக் கிடைத்ததில்லை. ஏதென்ஸ் முடிந்த சில மாதங்களில், அதே ஆண்டு நவம்பரில், தென்கொரியாவின் பார்க் ஜூ-போங் ஜப்பானியத் தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை இருபது ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். அந்தக் காலத்தில் ஜப்பான் வென்றவை ஆறு ஒலிம்பிக் பதக்கங்கள், உலக சாம்பியன்ஷிப்பில் எட்டுத் தங்கங்கள், ஆண்களுக்கான தாமஸ் கோப்பை, பெண்களுக்கான ஊபர் கோப்பை. இந்தக் கணக்கைச் சொல்பவர்கள் வழக்கமாக ஒரு விளக்கத்தையும் சேர்த்துக்கொள்வார்கள்: உலகின் தலைசிறந்த இரட்டையர் ஆட்டக்காரர் வந்தார், கொரியாவின் கடும்பயிற்சியைக் கொண்டுவந்தார், ஜப்பான் எழுந்தது என்று. இந்த விளக்கம் போதாது என்று நினைக்கிறேன். ஜப்பானியர்களுக்குக் கடும்பயிற்சியை வெளியிலிருந்து யாரும் வந்து கற்றுத்தர வேண்டியிருந்ததில்லை. பார்க் மாற்றியது ஆட்டக்காரரின் ஆண்டை. ஓர் ஆண்டில் எத்தனை வாரம் சம்பளம் தரும் நிறுவனத்துக்கு, எத்தனை வாரம் நாட்டு அணிக்கு, எந்தப் போட்டியை மனத்தில் வைத்து உடலைத் தயார் செய்வது என்ற கேள்விகளுக்கு அவர் புதிய விடைகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதை யாரையும் உடைக்காமல் செய்து முடிக்கும் பக்குவம் அவருக்கு இரட்டையர் ஆட்டத்திலிருந்தே வந்தது என்பதும் என் கருத்து.

முதலில் அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பதைப் பார்க்க வேண்டும். 1964-இல் பிறந்த பார்க், 1985-இல் கனடாவின் கல்கரியில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் இருபது வயதில் இரண்டு தங்கம் வென்றார். ஆண்கள் இரட்டையரில் கிம் மூன்-சூவுடன், கலப்பு இரட்டையரில் யூ சாங்-ஹீயுடன். 1989-இல் ஜகார்த்தாவில் சுங் மியுங்-ஹீயுடன் கலப்பு இரட்டையர் தங்கம். 1991-இல் கோபன்ஹேகனில் மறுபடியும் இரண்டு. ஆக ஐந்து உலகப் பட்டங்கள். ஆல் இங்கிலாந்துப் போட்டியில் ஒன்பது பட்டங்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் இறகுப்பந்து காட்சி ஆட்டமாக மட்டுமே இருந்தபோது கலப்பு இரட்டையரில் முதலிடம். 1992 பார்சிலோனாவில் கிம் மூன்-சூவுடன் சேர்ந்து இந்தோனேசியாவின் எடி ஹார்டோனோ, ரூடி குணவான் இணையை நேர்செட்டில் வீழ்த்தி ஒலிம்பிக் தங்கம். இந்தப் பட்டியலில் பதக்க எண்ணிக்கையைவிட என் கவனத்தை ஈர்ப்பது இணைகளின் பெயர்கள். ஐந்து உலகப் பட்டங்களை மூன்று வெவ்வேறு இணைகளுடன் வென்றார். ஆல் இங்கிலாந்தின் ஒன்பதில் கிம் மூன்-சூவுடன் மூன்று, லீ சாங்-போக்குடன் ஒன்று, சுங் மியுங்-ஹீயுடன் நான்கு, ரா கியுங்-மின்னுடன் ஒன்று. ஒரே துணையோடு பத்தாண்டு ஆடி வெல்வது ஒரு திறமை. துணை மாறினாலும், ஆணோ பெண்ணோ, மூத்தவரோ இளையவரோ, யாருடன் நின்றாலும் வெல்வது வேறு வகைத் திறமை. பின்னதற்கு, பக்கத்தில் நிற்பவருக்கு எது வரும், எது வராது என்பதை முதலில் படித்து, அதற்கேற்ப நம் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரட்டையர் ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆண்கள் இரட்டையரில் ஒருவர் பின்னாலிருந்து ஸ்மாஷ் அடிக்கும்போது மற்றவர் வலையருகே நிற்கிறார். திரும்பி வரும் இறகை அரை நொடிக்குள் மறித்துத் தட்டுவது அவர் வேலை. பெரும்பாலான புள்ளிகள் அங்கேதான் முடிகின்றன. ஆனால் அந்தத் தட்டலுக்கு வழிவகுத்தது பின்னால் அடிக்கப்பட்ட ஸ்மாஷ். யார் புள்ளியை உண்டாக்கினார், யார் முடித்தார் என்று பிரிக்கவே முடியாத ஆட்டம் அது. பார்க்கின் பெயர் நிலைத்தது வலையருகிலும் நடுக்களத்திலும் அவர் காட்டிய வேகத்தினால். எதிராளியின் மட்டை திரும்பும்போதே அடுத்த அடி எங்கே வரும் என்று கணித்து அங்கே போய் நின்றுவிடுவார். அவர் ஆடிய காலத்தில் சர்வீஸ் செய்யும் அணிக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். ஓர் ஆட்டம் பதினைந்து புள்ளி. சர்வீஸையும் அதைத் தொடரும் முதல் மூன்று நான்கு அடிகளையும் துல்லியமாகச் செய்பவரே அதில் பிழைப்பார். வலிமையைக் காட்டிலும் முன்யோசனைக்கு மதிப்பிருந்த அந்த ஆட்டமுறையில்தான் அவர் வளர்ந்தார்.

இந்தத் திறமை தனிமனிதப் பிறவிக்கொடை மட்டும் அல்ல. தென்கொரிய இறகுப்பந்துச் சங்கம் 1957-இல் தொடங்கப்பட்டது. ஆண்கள் ஒற்றையரில் இந்தோனேசியாவும் சீனாவும் டென்மார்க்கும் ஆதிக்கம் செலுத்திய காலத்தில், கொரியா தன் பலத்தை இரட்டையரில் குவித்தது. சியோலின் தேரூங் பயிற்சி மையம் 1966 முதல் இயங்கியது. தேசிய அணிக்குத் தேர்வானவர்கள் அங்கேயே தங்கி, ஒன்றாக உண்டு, ஒன்றாகப் பயிற்சி செய்தார்கள். கொரியாவிலும் நிறுவனங்கள் அணிகளை நடத்தின, சம்பளம் தந்தன. ஆனால் நாட்டு அணி அழைத்தால் நிறுவனம் வழிவிடும். ஒலிம்பிக் பதக்கமோ ஆசிய விளையாட்டுத் தங்கமோ வென்ற ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கு உண்டு என்ற சட்டமும் நாட்டு அணியின் மதிப்பைப் பன்மடங்கு உயர்த்தியது. இணைகளை அமைப்பதும் பிரிப்பதும் தேசியப் பயிற்சியாளரின் கையில். ஆகவே ஓர் ஆட்டக்காரர் பலருடனும் ஆடிப் பழகினார். பலருடனும் ஆடக் கூடியவராக ஆக்கப்பட்டார். பார்க்கின் இணைப் பட்டியல் இந்த அமைப்பின் விளைவு. அவருக்குப் பின் வந்த கிம் டோங்-மூன், ஹா டே-குவோன், பிறகு லீ யோங்-டே என்று நீளும் வரிசையும் இதே அமைப்பிலிருந்து வந்தது.

பார்சிலோனாவுக்குப் பின் பார்க் ஆட்டத்தை விட்டு விலகினார். 1996 அட்லாண்டாவில் கலப்பு இரட்டையர் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது திரும்பி வந்தார். பன்னிரண்டு வயது இளையவரான ரா கியுங்-மின் அவர் இணை. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர்களும் கொரியர்களே: கிம் டோங்-மூன், கில் யங்-ஆ. முதல் செட்டை பார்க் இணை எடுத்தது, அடுத்த இரண்டையும் இழந்தது. வெள்ளியோடு அவருடைய ஆட்டக்கால வாழ்க்கை முடிந்தது. இந்தத் தோல்வியை ஒரு வீழ்ச்சியாக எழுதுபவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. முப்பதைக் கடந்த ஒருவர் பத்தொன்பது வயதுப் பெண்ணைச் சர்வதேசக் களத்தில் நடத்திச்சென்று ஆல் இங்கிலாந்துப் பட்டமும் ஒலிம்பிக் இறுதியும் அடைந்தார் என்றால், பயிற்சியாளர் வேலையை அவர் மட்டையைக் கீழே வைப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டார் என்றுதான் பொருள். பின்னர் ரா கியுங்-மின், அட்லாண்டாவில் தன்னை வென்ற கிம் டோங்-மூனுடனேயே சேர்ந்து உலகின் முதல்நிலைக் கலப்பு இணையாக ஆண்டுக்கணக்கில் கோலோச்சினார். பார்க் இங்கிலாந்திலும் மலேசியாவிலும் பயிற்சியளித்தார். இரண்டும் நீண்ட பொறுப்புகள் அல்ல. ஆனால் கொரியாவைப் போல் வீரர்களை ஒரே கூரைக்குள் வைத்திராத நாடுகளில் பயிற்சி எப்படி நடக்கிறது என்பதை அவர் கண்டது அங்கேதான். 2004 ஏதென்ஸின்போது கொரிய அணியோடு இருந்தார். அங்கே ஆண்கள் இரட்டையர் இறுதியில் இரு பக்கமும் கொரியர்களே நின்றார்கள். அந்த வெற்றிக்குப் பின் அவர் போனது பதக்கமே இல்லாத நாட்டுக்கு.

ஜப்பான் இறகுப்பந்துக்குப் புதிய நாடு அல்ல. இதை மறந்துவிட்டு பார்க் வெறும் தரிசில் விதைத்தார் என்று எழுதுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். 1966, 1969, 1972, 1978, 1981 என ஐந்து முறை ஊபர் கோப்பையை வென்ற நாடு அது. ஹிரோயே யூகி நான்கு முறை ஆல் இங்கிலாந்து ஒற்றையர் பட்டம் வென்றார். 1977-இல் மால்மோவில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பில் பெண்கள் இரட்டையர் தங்கம் ஜப்பானுக்கே. பிறகு சீனா உலகப் போட்டிகளுக்குள் வந்தது. இந்தோனேசியாவும் கொரியாவும் தேசிய முகாம்களில் முழுநேரப் பயிற்சியைப் பெருக்கின. ஜப்பான் மட்டும் பழைய ஏற்பாட்டிலேயே நின்றது. அந்த ஏற்பாட்டின் அடித்தளம் நிறுவன அணிகள். பள்ளியிலோ பல்கலைக்கழகத்திலோ சிறந்து விளங்கும் ஆட்டக்காரரை ஒரு வங்கியோ தகவல்தொடர்பு நிறுவனமோ மின்னணு நிறுவனமோ ஊழியராக எடுத்துக்கொள்ளும். சம்பளம், தங்குமிடம், பயிற்சிக்கூடம், பயிற்சியாளர் எல்லாம் நிறுவனத்தினுடையவை. பதிலுக்கு நிறுவனம் எதிர்பார்ப்பது உள்நாட்டு லீக்கிலும் நிறுவனங்களுக்கிடையிலான போட்டிகளிலும் அதன் பெயரை உயர்த்துவது. இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆட்டக்காரர்களுக்கு இத்தனை நிம்மதியான வாழ்க்கையை வேறு எந்த நாட்டு ஏற்பாடும் தரவில்லை என்றே சொல்லலாம். ஆனால் அதன் விளைவாக, ஜப்பானியரின் உடலும் மனமும் உச்சத்துக்கு வருவது உள்நாட்டுப் போட்டிக்கு. வெளிநாட்டுப் போட்டி ஓர் அனுபவம். தேசிய அணி முகாம் நிறுவனப் பயிற்சிக்கு இடையே கிடைக்கும் சில நாட்கள். தேசியப் பயிற்சியாளர் பொறுப்பும் முழுநேரப் பணியாக இருக்கவில்லை.

பார்க் முதலில் கைவைத்த இடம் இதுதான். தேசிய முகாம்களின் நாட்களை அதிகப்படுத்தக் கேட்டார். வெளிநாட்டுப் போட்டிகளுக்கு முன்னும் பின்னும் அணி ஒன்றாக இருக்க வேண்டும் என்றார். உலகத் தரவரிசையை மனத்தில் வைத்து ஆண்டு முழுவதற்கும் போட்டிகளைத் திட்டமிட்டார். ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் என ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் பயிற்சியாளர் வேண்டும் என்று வலியுறுத்தினார். நிறுவனப் பயிற்சியாளர்களுக்கு இது எளிதில் ஏற்புடையதாக இருந்திருக்க முடியாது. தாங்கள் வளர்த்த ஆட்டக்காரரை, தங்கள் முதலாளி சம்பளம் தரும் ஆட்டக்காரரை, வெளிநாட்டவர் ஒருவர் மாதக்கணக்கில் அழைத்துக்கொண்டு போகிறார். 2008-இல் டோக்கியோவில் தேசியப் பயிற்சி மையம் திறக்கப்பட்டபோது அந்தக் கோரிக்கைக்கு ஒரு நிலையான முகவரி கிடைத்தது. அதற்கு முன் முகாம் என்பது ஊர் ஊராக அரங்கு தேடி நடத்த வேண்டிய ஒன்று. மையம் வந்த பிறகு, தரமான களங்கள், தங்குமிடம், உணவு, மருத்துவம், உடல்தகுதி வல்லுநர்கள் எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்தன. தேரூங்கில் தான் இளமையில் கண்டதை ஜப்பானில் கட்டியெழுப்ப அவருக்கு நான்காண்டுகள் ஆயின என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கொரியாவைப் பின்பற்றவில்லை. அங்கேதான் அவருடைய ஆழ்ந்த அறிவு தெரிகிறது. கொரியப் பழக்கப்படி அவர் இணைகளைக் கலைத்து, யாருக்கு யார் பொருந்துவார் என்று புதிதாக அடுக்கியிருக்கலாம். பெண்கள் இரட்டையரில் அவர் அதைச் செய்யவில்லை. நிறுவன அமைப்புக்குத் தேசிய அணியைப் பலவீனப்படுத்தும் குணம் இருந்ததைப் போலவே, ஒரு பெரிய நன்மையும் இருந்தது. ஒரே நிறுவனத்தில் வேலை, ஒரே கூடத்தில் பயிற்சி என்று இரண்டு பெண்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வளர்ந்தார்கள். நீண்ட பரிமாற்றங்கள், பொறுமை, சொல்லாமலே இடம் மாறிக்கொள்ளும் பழக்கம் இவையே பெண்கள் இரட்டையரின் உயிர். அந்தப் பழக்கம் ஜப்பானிய நிறுவனக் கூடங்களில் ஏற்கெனவே ஊறிக்கிடந்தது. பார்க் அந்த இணைகளை அப்படியே எடுத்துக்கொண்டு, அவர்களுடைய இலக்கை மட்டும் உள்நாட்டு லீக்கிலிருந்து உலகப் போட்டிக்கு நகர்த்தினார். பக்கத்தில் நிற்பவரின் பலத்தைப் படித்துத் தன் இடத்தை மாற்றிக்கொண்ட பழைய ஆட்டக்காரர்தான் இங்கே வேலை செய்கிறார்; இந்த முறை பக்கத்தில் நின்றவை நிறுவனங்கள்.

பதக்கங்கள் வந்த வரிசையைப் பார்த்தால் இது வெறும் ஊகம் இல்லை என்பது தெரியும். 2008 பெய்ஜிங்கில் மியூகி மயேதா, சடோகோ சுயெட்சுனா என்ற ஒரே நிறுவன இணை, ஏதென்ஸில் தங்கம் வென்ற சீனாவின் யாங் வெய், ஜாங் ஜியேவென் இணையைக் கால் இறுதியில் வீழ்த்தி நான்காம் இடம் பிடித்தது. 2012 லண்டனில் மிசுகி ஃபுஜியி, ரெய்கா காகியிவா வெள்ளி வென்றார்கள். ஜப்பானிய இறகுப்பந்தின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. 2016 ரியோவில் அயாகா தகாஹாஷி, மிசாகி மட்சுடோமோ இணை முதல் தங்கத்தைக் கொண்டுவந்தது. பள்ளி நாட்களிலிருந்தே சேர்ந்து ஆடியவர்கள், ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள். இறுதி ஆட்டத்தின் கடைசி செட்டில் டென்மார்க் 19-16 என்று முன்னால் நின்றபோது தொடர்ச்சியாக ஐந்து புள்ளிகள் எடுத்து முடித்தார்கள். பார்க் காலத்தின் ஆறு ஒலிம்பிக் பதக்கங்களில் ஐந்து இரட்டையர் பிரிவுகளில் வந்தவை. ரியோவில் நொசோமி ஒகுஹாரா வென்ற ஒற்றையர் வெண்கலம் மட்டுமே விலக்கு. டோக்கியோவிலும் பாரிஸிலும் கலப்பு இரட்டையர் வெண்கலம் வென்ற யூடா வடானபே, அரிசா ஹிகாஷினோ இருவரும் ஃபுகுஷிமா மாவட்டத்தின் டோமியோகாவில் பள்ளி மாணவர்களாக இருந்தபோதே இணை சேர்ந்தவர்கள். பாரிஸில் பெண்கள் இரட்டையர் வெண்கலம் சிஹாரு ஷிடா, நாமி மட்சுயாமாவுக்கு.

லண்டன் வெள்ளியைப் பற்றி ஓர் ஆட்சேபம் உண்டு. அந்தப் போட்டியில் சாதகமான கால் இறுதிக்காக வேண்டுமென்றே தோற்க முயன்றதாக நான்கு இணைகள் வெளியேற்றப்பட்டன. உலக முதல்நிலை சீன இணையும், இரண்டு கொரிய இணைகளும், ஓர் இந்தோனேசிய இணையும் அதில் போயின. அரையிறுதியில் ஜப்பான் சந்தித்தது, அந்த வெளியேற்றத்தால் உள்ளே வந்த கனடாவை. ஆகவே அது எளிதில் கிடைத்த பதக்கம் என்கிறார்கள். வழி எளிதானது உண்மைதான். ஆனால் ஒரே பதக்கத்தை வைத்து வாதாடினால்தான் இந்த ஆட்சேபத்துக்கு வலு. அடுத்த நான்கே ஆண்டுகளில் தங்கமும், 2018 நான்ஜிங், 2019 பாசல் உலக சாம்பியன்ஷிப்களில் மாயு மட்சுமோட்டோ, வகானா நாகாஹாரா இணைக்கு இரண்டு தங்கமும், 2017 முதல் 2019 வரை யூகி ஃபுகுஷிமா, சயாகா ஹிரோடா இணைக்கு மூன்று வெள்ளியும் வந்தன. 2018, 2019 உலக சாம்பியன்ஷிப்களின் பெண்கள் இரட்டையர் இறுதி ஆட்டங்கள் இரண்டிலும் இரு பக்கமும் ஜப்பானியர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்கு இரண்டு இடம் என்ற விதியால், ரியோவில் தங்கம் வென்ற இணையே தகுதி பெறாமல் போனது. இத்தனை செழிப்பை ஒரு போட்டியின் அதிர்ஷ்டத்தில் அடக்க முடியாது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. டோக்கியோ மையத்தைக் கட்டியது ஜப்பானிய அரசு. ஆட்டக்காரர்களை வளர்த்தவை பள்ளிகளும் நிறுவனங்களும். பார்க் சரியான நேரத்தில் வந்து நின்றார், அவ்வளவே என்று வாதிடலாம். 2018, 2019 உலகச் சாம்பியன் கென்டோ மொமோடா டோமியோகா பள்ளியில் உருவானவர். அங்கே அவருக்குப் பயிற்சி தந்தவர் ஓர் இந்தோனேசியர். 2011 பூகம்பத்துக்கும் அணு உலை விபத்துக்கும் பிறகு அந்தப் பள்ளியின் இறகுப்பந்து அணி இனாவாஷிரோவுக்கு இடம்பெயர்ந்தது. அங்கிருந்து வந்து 2012-இல் சிபாவில் உலக இளையோர் பட்டம் வென்றார் மொமோடா. அதே போட்டியில் பெண்கள் பட்டம் ஒகுஹாராவுக்கு. அடுத்த இரண்டு ஆண்டுகளும் அகானே யமாகுச்சி உலக இளையோர் சாம்பியன். உலக சாம்பியன்ஷிப்பின் எட்டுத் தங்கங்களில் ஐந்தை வென்றது இந்த மூவர்தான், ஐந்துமே ஒற்றையர். ஆகவே பார்க்கின் வெற்றி முழுவதும் இரட்டையர் அறிவின் விளைவு என்று சொன்னால் அது மிகை. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜப்பான் முன்பும் திறமையான பள்ளி ஆட்டக்காரர்களை உருவாக்கியது. அவர்கள் நிறுவன அணியில் சேர்ந்து உள்நாட்டுச் சாம்பியன்களாகி ஓய்ந்தார்கள். 2012-இல் இளையோர் பட்டம் வென்ற தலைமுறைக்குக் கிடைத்தது அவர்களுக்குக் கிடைக்கவில்லை: ஆண்டு முழுவதும் உலகின் முதல்வரிசையோடு மோதும் போட்டித் திட்டம், பிரிவுவாரியான தேசியப் பயிற்சியாளர், ஒரே கூடத்தில் தன்னைவிட வலிய ஐந்தாறு பேரோடு அன்றாடப் பயிற்சி. திறமை முன்பும் இருந்தது. அதைக் கொண்டுசேர்க்கும் பாதைதான் புதிது. 2014-இல் புதுடெல்லியில் தாமஸ் கோப்பை வென்ற ஜப்பான் அணி, அரையிறுதியில் ஐந்து முறை தொடர்ச்சியாகக் கோப்பையை வைத்திருந்த சீனாவை 3-0 என்றும், இறுதியில் மலேசியாவை 3-2 என்றும் வென்றது. இந்தக் கோப்பையை வெல்ல மூன்று ஒற்றையரும் இரண்டு இரட்டையரும் வேண்டும். ஒரு பள்ளியோ ஒரு நிறுவனமோ தனியாகத் தர முடியாத வெற்றி அது.

பார்க் அயல்நாட்டுப் பயிற்சியாளர்களை அழைத்துக்கொண்ட விதமும் இதற்குச் சான்று. கலப்பு இரட்டையருக்கு மலேசியாவின் ஜெரமி கான் வந்தார். ஆண்கள் இரட்டையருக்கு, இந்தியாவில் சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டியையும் சிராக் ஷெட்டியையும் இணையாக்கிய மலேசியர் டான் கிம் ஹெர் பின்னர் சேர்ந்தார். 2021-இல் ஸ்பெயினின் உயெல்வாவில் தகுரோ ஹோகி, யூகோ கோபயாஷி உலகப் பட்டம் வென்றார்கள். ஆண்கள் இரட்டையரில் ஜப்பானுக்கு அதுவே முதல். உலகின் மிகச் சிறந்த ஆண்கள் இரட்டையர் ஆட்டக்காரராக இருந்தவர் அந்தப் பிரிவையே இன்னொருவர் கையில் கொடுத்ததை நான் சிறு விஷயமாக நினைக்கவில்லை.

அவருடைய சமகாலத்தவர் ஒருவரோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். 1985 கல்கரி இறுதியில் பார்க்கும் கிம்மும் வென்றது சீனாவின் லீ யோங்போ, தியான் பிங்யி இணையை. அந்தச் சீன இணை 1987, 1989 உலகப் பட்டங்களை வென்றது. லீ யோங்போ 1993 முதல் 2017 வரை சீன அணியின் பொறுப்பில் இருந்து, 2012 லண்டனில் ஐந்து பிரிவுகளிலும் தங்கம் எடுத்துக்காட்டினார். எதிரெதிரே நின்ற இரண்டு இரட்டையர் ஆட்டக்காரர்கள் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் ஆசியாவின் இரண்டு பெரும் அணிகளை நடத்தியிருக்கிறார்கள். ஆனால் லீக்குச் சீன அரசின் விளையாட்டு அமைப்பு முழுவதும் பின்னால் நின்றது. ஆட்டக்காரரின் ஒவ்வொரு நாளும் தொடக்கத்திலிருந்தே அவர் அதிகாரத்துக்குள் இருந்தது. பார்க் அந்த நாட்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது, அதுவும் அயல்நாட்டில், அயல்மொழியில், கொரியாவோடு கசப்பான வரலாறு கொண்ட நாட்டில். பதக்க எண்ணிக்கையில் லீ வெகுதூரம் முன்னால் இருக்கிறார். இருந்தும் கடினமான வேலையைச் செய்தவர் பார்க் என்பதே என் தீர்ப்பு.

அவருடைய ஆட்சிக்காலத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஜப்பான் ஐந்து பிரிவுகளிலும் பதக்க நம்பிக்கையோடு போனது; கிடைத்தது ஒரு வெண்கலம். 2020 ஜனவரியில் மலேசியாவில் நேர்ந்த சாலை விபத்தில் காயப்பட்டு மீண்ட மொமோடா குழுச் சுற்றிலேயே கொரியாவின் ஹியோ குவாங்-ஹீயிடம் தோற்றார். யமாகுச்சி கால் இறுதியில் பி. வி. சிந்துவிடம் தோற்றதை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒகுஹாராவும் இரண்டு பெண்கள் இரட்டையர் இணைகளும் அதே சுற்றில் போனார்கள். விபத்தும், ஹிரோடாவின் முழங்கால் காயமும், பெருந்தொற்றும் காரணங்கள்தான். ஆனாலும் முழுமையான காரணங்கள் அல்ல. பெருந்தொற்றால் சர்வதேசப் போட்டிகள் நின்றுபோன மாதங்களில், ஆண்டு முழுவதும் வெளியே போய் மோதி வலுப்பெறும் முறையில் வளர்ந்த அணி தன் வலிமையின் ஊற்றையே இழந்தது. பார்க் கட்டிய அமைப்பு போட்டிநாட்களைச் சார்ந்தே நின்றது என்பதற்கு அந்தத் தோல்வி ஓர் எதிர்மறைச் சான்று.

2025 ஏப்ரலில் பார்க் தன் நாட்டு அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பினார். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் கொரியச் சங்கத்தின் தலைவராகத் தேர்வானவர், அட்லாண்டாவில் அவரை வென்ற கிம் டோங்-மூன். சங்கம் அப்போது பெரும் நெருக்கடியில் இருந்தது. 2024 பாரிஸில் பெண்கள் ஒற்றையர் தங்கம் வென்ற ஆன் சே-யங், வென்ற அன்றே தேசிய அணியின் போக்கைப் பகிரங்கமாகக் குறைசொன்னார். தன் காயத்தைக் கையாண்ட விதம், ஒற்றையர் ஆட்டக்காரர்களின் தேவைகளுக்குத் தனி ஏற்பாடு இல்லாமை, அணிக்குள் நிலவிய பழைய மூத்தோர் இளையோர் வழக்கங்கள் எல்லாம் அதில் இருந்தன. அரசின் விசாரணையும் நடந்தது. ஜப்பானில் பார்க் சந்தித்த சிக்கலின் நேர்மாறு இது. அங்கே ஆட்டக்காரரின் நாட்களில் தேசிய அணிக்குப் பங்கு மிகக் குறைவு. இங்கே மிக அதிகம். பார்க்கை வளர்த்த அதே இரட்டையர் மையமான முகாம் முறைதான் ஆன் சே-யங்கை மூச்சுமுட்ட வைத்தது. ஆட்டக்காரரின் ஆண்டை நாட்டு அணிக்காகப் போராடிப் பெற்ற மனிதர், இனி அதில் ஒரு பகுதியை ஆட்டக்காரரிடமே திருப்பித் தர வேண்டும். முதலாவதைவிட இது கடினம், ஏனென்றால் இந்த முறை விட்டுக்கொடுக்க வேண்டியது அவர் வகிக்கும் பதவியின் அதிகாரத்தை. ஜப்பானில் நிறுவன இணைகளைக் கலைக்காமல் விட்டவர், ஆண்கள் இரட்டையரை இன்னொருவரிடம் ஒப்படைத்தவர், இதையும் செய்யக் கூடியவர் என்று நம்புகிறேன்.

அவர் பொறுப்பேற்ற அதே ஆண்டு ஆகஸ்டில் பாரிஸில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், ஆண்கள் இரட்டையர் தங்கத்தைக் கொரியாவின் சியோ சுங்-ஜே, கிம் வோன்-ஹோ இணை வென்றது. கிம் வோன்-ஹோ, கில் யங்-ஆவின் மகன்.